சர்வர் பிராசசர் திணறும்போது எங்கே பார்ப்பது: பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தின் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தென்னைநார் மில், தீவன ஆலை, எண்ணெய் ஆலை, மருத்துவமனை, பள்ளி என எத்தனையோ இடங்களில் அலுவலக மூலையில் ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவருக்கு அது முழுநேர வேலையும் அல்ல. கணக்கும் பார்ப்பார், பிரிண்டரும் பார்ப்பார், கேமராவும் பார்ப்பார். சர்வர் மெதுவானால் எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள். அவருக்காக எழுதியவை இந்தப் பதில்கள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் பொருந்தும் வகையில் சொல்லியிருக்கிறேன்.

பில் போடும் நேரத்தில் டாஸ்க் மேனேஜர் 100 சதவீதம் காட்டுகிறது. பிராசசர் போய்விட்டதா?

போகவில்லை என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சர்வரின் பாகங்களில் மிக அரிதாகக் கெடுவது பிராசசர்தான். ஃபேன், பவர் சப்ளை, டிஸ்க், ரெய்டு கார்டின் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் கார்டு) பேட்டரி, மெமரி எல்லாம் அதற்கு முன்பே கெட்டுவிடும். 100 சதவீதம் என்ற எண் பிராசசருக்கு ஓயாத வேலை இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. அந்த வேலையைக் கொடுத்தது யார், அது தேவையான வேலைதானா, எந்த வேகத்தில் நடக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியாது.

மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் ஈவே பில் (சரக்கோடு போக வேண்டிய மின்னணு ரசீது) கட்டாயம். லாரி லோடு ஏற்றி நிற்கிறது, டிரைவர் வாளையாறு நெரிசலுக்கு முன் தாண்டிவிட வேண்டும் என்கிறார், பில் வரவில்லை. அந்த அவசரத்தில் யாராவது ஒருவர் சர்வரின் பவர் பட்டனை அழுத்திவிடுவார். அதற்கு முன் இரண்டு நிமிட அவகாசம் கேளுங்கள். ஒரு நோட்டில் தேதியும் மணியும் போட்டு நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எந்த புரோகிராம் மேலே நிற்கிறது, எல்லாக் கோரும் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) நிறைந்திருக்கிறதா அல்லது ஒன்று மட்டுமா, அப்போது கடிகார வேகம் எத்தனை கிகாஹெர்ட்ஸ், வெப்பம் எவ்வளவு. லினக்ஸில் டாப் கட்டளையைத் திறந்து 1 என்ற எண்ணை அழுத்தினால் கோர் வாரியாகப் பிரித்துக் காட்டும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து லாஜிக்கல் பிராசசர் வாரியாக மாற்றிக்கொள்ளலாம். இந்த நான்கும் கையில் இருந்தால் கீழே உள்ள கேள்விகளில் உங்களுடையது எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஹைப்பர் த்ரெடிங் (ஒரே கோர் இரண்டு வேலை ஓட்டங்களை, அதாவது த்ரெட்டுகளை, நடத்தும் வசதி) உள்ள பிராசசரில் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 8 கோர், 16 த்ரெட் உள்ள சர்வர் 50 சதவீதம் காட்டும்போது பாதிச் சக்தி மிச்சம் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் 8 கோருக்கும் வேலை வந்திருக்கக்கூடும். இரண்டாவது த்ரெட் இன்னொரு முழுக் கோர் தரும் பலனைத் தராது. ஆகவே 60 சதவீதத்திலேயே சர்வர் திணறுவது வியப்பில்லை.

லினக்ஸில் லோடு ஆவரேஜ் 30 என்று ஏறிவிட்டது. ஆனால் பிராசசர் 90 சதவீதம் சும்மா இருக்கிறது. எப்படி?

லினக்ஸின் லோடு ஆவரேஜ் பிராசசருக்காகக் காத்திருக்கும் வேலைகளை மட்டும் எண்ணுவதில்லை. டிஸ்க்கிடமிருந்தோ நெட்வொர்க் பகிர்விடமிருந்தோ பதில் வரும்வரை அசையாமல் நிற்கும் வேலைகளையும் சேர்த்தே எண்ணுகிறது. புரோகிராம் பட்டியலில் நிலை என்ற இடத்தில் டி என்று காட்டுபவை அவைதான். ஆகவே லோடு உயர்ந்து, பிராசசர் ஓய்வாக இருந்தால் சந்தேகத்தை டிஸ்க் பக்கம் திருப்புங்கள். டாப் திரையில் டபிள்யூஏ (டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்திருந்த நேரம்) என்ற எண் உயர்ந்திருந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

இதில் அடிக்கடி கண்ணில் படாமல் போகும் காரணம் ரெய்டு கார்டின் பேட்டரி. எழுத வேண்டிய தகவலைக் கார்டு முதலில் தன் சொந்த மெமரியில் வாங்கிக்கொண்டு, பிறகு டிஸ்க்கில் எழுதும். மின்சாரம் போனாலும் அந்தத் தகவல் அழியாமல் காப்பது பேட்டரி. அது வலுவிழந்தால், தகவல் தொலைந்துவிடக் கூடாது என்று கார்டு அந்த வசதியையே நிறுத்திவிட்டு நேரடியாக டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். ஒரே நாளில் சர்வர் பல மடங்கு மெதுவாகிவிடும். பிராசசரிலோ மெமரியிலோ ஒரு குறையும் இருக்காது. கார்டின் மேலாண்மைத் திரையில் ரைட் பேக் என்பது ரைட் த்ரூ என்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி மாற்றுவதற்கு முன், வேகம் வேண்டும் என்று ரைட் பேக்கைக் கட்டாயப்படுத்தும் தேர்வைப் போடாதீர்கள். அடுத்த மின்தடையில் கணக்கு டேட்டாபேஸ் உடைந்துபோகலாம்.

16 கோர் உள்ள சர்வர் வாங்கினோம். ஒரு கோர் மட்டும்தான் வேலை செய்கிறது. மற்றவை கெட்டுவிட்டனவா?

இல்லை. இந்தக் கேள்விக்குப் பின்னால் அநேகமாக மூன்றில் ஒரு காரணம் இருக்கும்.

முதலாவது, பில்லிங் புரோகிராமே ஒரே த்ரெட்டில் ஓடும்படி எழுதப்பட்டிருப்பது. பழைய கணக்கு மென்பொருள்கள் பலவும் அப்படித்தான். அதற்கு 16 கோர் கொடுத்தாலும் 64 கோர் கொடுத்தாலும் ஒன்றைத்தான் பயன்படுத்தும். அங்கே பயன் தருவது கோரின் எண்ணிக்கை அல்ல; ஒரு கோரின் வேகம். 16 கோரில் ஒன்று முழுதாக ஓடினால் மொத்தக் கணக்கில் 6 சதவீதம்தான் காட்டும். பிராசசர் சும்மா இருக்கிறது, ஆனால் பில் வரவில்லை என்று எல்லோரும் குழம்புவது இதனால்தான்.

இரண்டாவது, உரிம வரம்பு. பல கணக்கு மென்பொருள்களுக்கு அடியில் மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற இலவசப் பதிப்பு இருக்கும். அது ஒரு சாக்கெட் (மதர்போர்டில் ஒரு பிராசசர் அமரும் இடம்) அல்லது நான்கு கோர், இரண்டில் எது குறைவோ அதுவரைதான் பயன்படுத்தும். டேட்டாபேஸின் பக்கங்களை வைத்துக்கொள்ள 1410 எம்பி மெமரிக்கு மேல் எடுக்காது. 64 ஜிபி மெமரி போட்டிருந்தாலும் நிலை அதுதான். 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளரவும் முடியாது.

மூன்றாவது காரணத்தைக் கண்டுபிடித்தால் ஒரு பைசா செலவில்லாமல் சரியாகிவிடும். வர்ச்சுவல் மெஷின் (ஒரு சர்வருக்குள் மென்பொருளால் அமைக்கும் தனிக் கணினி) உருவாக்கும்போது நான்கு கோர் வேண்டும் என்பதற்காகச் சிலர் நான்கு சாக்கெட், சாக்கெட்டுக்கு ஒரு கோர் என்று அமைத்துவிடுகிறார்கள். எக்ஸ்பிரஸ் பதிப்பு அதை நான்கு தனிப் பிராசசர்களாகப் பார்த்து, ஒரு சாக்கெட் வரம்பின்படி ஒரே ஒரு கோரை மட்டும் எடுத்துக்கொள்ளும். வர்ச்சுவல் மெஷினை நிறுத்தி, ஒரு சாக்கெட்டில் நான்கு கோர் என்று மாற்றித் தொடங்குங்கள். புதிய சர்வருக்கு விலைப்பட்டியல் வாங்கும் முன் இதை மட்டுமாவது பார்த்துவிடுங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் தொடங்கினால் பிற்பகலில் சர்வர் மெதுவாகிறது, மாலையில் தானே சரியாகிறது. வெயில்தான் காரணமா?

நேரமும் வெயிலும் ஒத்துப்போகிறது என்றால் வெப்பத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத் திறப்பு. கோடையில் அதன் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும். பாலக்காட்டுப் பக்கம் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. தகரக் கூரைக்குக் கீழே உள்ள மில் அலுவலகத்தில் வெளியே இருப்பதைவிட அதிகமாகவே இருக்கும். சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்கிறது குளிரூட்டும் பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பு. பொதுவான சர்வர்களுக்கு 35 டிகிரி வரை அனுமதி உண்டு. அதற்கு மேல் போனால் இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்கும்.

காத்துக்கொள்ளும் விதம் இதுதான். பிராசசரின் உள்ளே இருக்கும் வெப்ப உணரி எல்லையைத் தொட்டதும் கடிகார வேகம் குறைக்கப்படுகிறது. 3 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது 1.2க்கு இறங்கும். வேகம் குறைந்தால் அதே வேலைக்கு அதிக நேரம் பிடிக்கும். டாஸ்க் மேனேஜர் 100 சதவீதம் காட்டும். வேலை கூடிவிட்டது என்று நாம் நினைப்போம். லினக்ஸில் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) பதிவில் வெப்பம் வரம்பைத் தாண்டியதால் கடிகாரம் குறைக்கப்பட்டது என்ற வரிகள் இருக்கும். ஒவ்வொரு கோருக்கும் இது எத்தனை முறை நடந்தது என்ற எண்ணிக்கையையும் இன்டெல் பிராசசர்களில் லினக்ஸ் வைத்திருக்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டால் ஐயம் தீர்ந்துவிடும்.

நம் வட்டாரத்தில் வெயிலோடு நார்த்தூளும் சேர்ந்துகொள்கிறது. மில்லுக்கு அருகில் இருக்கும் சர்வரைத் திறந்து பாருங்கள். பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு இடையே, ஃபேன் காற்று நுழையும் பக்கத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு படலம் இருக்கும். சாதாரண வீட்டுத் தூசி ஊதினால் பறக்கும், இது பறக்காது. நுண்ணிய நார் இழைகள் முதலில் தகட்டின் விளிம்பில் சிக்குகின்றன, அவற்றின் மேல் தூள் படிகிறது, காற்றின் ஈரம் அதை இறுக்குகிறது. விரல் நகத்தால் ஓரத்தைத் தூக்கினால் துணிபோல ஒரே துண்டாக உரிந்து வரும். அந்தப் படலம் இருக்கும்வரை ஏசியை 18இல் வைத்தாலும் பயன் குறைவு. குளிர்ந்த காற்று தகடுகளுக்குள் போவதே இல்லை.

சுத்தம் செய்யும்போது சர்வரை முறையாக நிறுத்தி, பவர் வயர்களையெல்லாம் கழற்றுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரைப் பயன்படுத்த வேண்டாம். அதிலிருந்து தண்ணீரும் எண்ணெயும் வரும். மென்மையான பிரஷும், எலக்ட்ரானிக்ஸுக்கான புளோயரும் போதும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் கெடும். ஹீட்சிங்க்கைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் முழுதும் துடைத்து, புதிதாகத் தடவித்தான் மாட்ட வேண்டும். திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கையேட்டில் உள்ள வரிசையில் முடுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் முதலில் இறுகினால் பிராசசர் சரிந்து அமரும். மெமரி சேனல் (பிராசசருக்கும் மெமரிக்கும் இடையிலான தகவல் பாதை) ஒன்று காணாமல் போவதற்கு அதுவும் காரணமாகும்.

மூடியைத் திறந்து வைத்து டேபிள் ஃபேன் அடிக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சர்வரின் காற்றோட்டம் மூடி இருப்பதை நம்பி வடிவமைக்கப்பட்டது. முன்னிருந்து பின்னுக்குப் போக வேண்டிய காற்று மேலே கசிந்துவிடும். பிராசசர் குளிர்ந்தாலும் மெமரியும் ரெய்டு கார்டும் சூடாகும். காலியான டிஸ்க் இடங்களை மூடும் பிளாஸ்டிக் அடைப்பான்களையும் தூக்கி எறியாமல் மாட்டி வையுங்கள்.

வெப்பமே இல்லை, ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது. ஆனாலும் வேகம் 800 மெகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை. ஏன்?

இங்கேதான் வன்பொருளும் மென்பொருளும் ஒன்றையொன்று மறைக்கும். மேலிருந்து கீழே இறங்கி வாருங்கள்.

விண்டோஸ் சர்வரில் பவர் பிளான் நிறுவும்போதே பேலன்ஸ்டு என்றுதான் இருக்கும். டேட்டாபேஸ் ஓடும் சர்வரில் அதை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றலாம். லினக்ஸில் பிராசசரின் வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னர் என்ற அமைப்பைப் பாருங்கள். இன்டெல்லின் சொந்த டிரைவர் இருந்தால் பவர்சேவ் என்ற பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம். வேலை வந்தால் வேகம் ஏறும். பழைய ஏசிபிஐ டிரைவரில் அதே பெயர் இருந்தால் பிராசசர் மிகக் குறைந்த வேகத்திலேயே கட்டிப்போடப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்தது பயாஸ், அதாவது சர்வர் தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள். அங்கே பவர் புரொஃபைல் என்ற இடத்தில் மின்சேமிப்பு தேர்வாகியிருந்தால் ஆபரேட்டிங் சிஸ்டம் கேட்டாலும் வேகம் கிடைக்காது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பிராசசர் பவர் என்ற மூலத்திலிருந்து 37 என்ற எண்ணுள்ள பதிவு இருந்தால், வேகத்தைக் கட்டுப்படுத்துவது விண்டோஸ் அல்ல, மதர்போர்டு பலகையின் ஃபர்ம்வேர் (வன்பொருளிலேயே பதிந்துள்ள மென்பொருள்) என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது.

ஃபர்ம்வேர் ஏன் கட்டுப்படுத்துகிறது? பிராசசருக்குள்ளே இருந்து மட்டுமல்ல, வெளியே இருந்தும் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் ஒரு மின்னிணைப்பு உண்டு. அதன் பெயர் பிராக்ஹாட். பலகையில் உள்ள மின்னழுத்தச் சீராக்கி சூடானாலும், இரண்டு பவர் சப்ளையில் ஒன்று போனாலும் பல சர்வர்கள் அந்த இணைப்பைத் தட்டிவிடும். பின்பக்கம் போய் இரண்டு பவர் சப்ளையின் விளக்குகளையும் பாருங்கள். ஒன்று ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் விடை அங்கேயே இருக்கிறது. ஐடிராக், ஐஎல்ஓ போன்ற மேலாண்மைத் திரையின் பதிவேட்டில் அது எந்த நாளில் போனது என்பதும் இருக்கும்.

மின்தடைக்குப் பிறகு சர்வர் தானாக ஏறிவிட்டது. அன்றிலிருந்து மெதுவாக இருக்கிறது.

மாதாந்திரப் பராமரிப்புக்காக நாள் முழுதும் மின்சாரம் நிறுத்தும் வழக்கம் நமக்குப் பழகியது. யுபிஎஸ் தாங்காமல் சர்வர் விழுந்து எழுந்தால் இரண்டு விஷயம் நடந்திருக்கலாம். ரெய்டு டிஸ்க்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்துக்கொண்டிருக்கலாம். அது முடியும்வரை காத்திருப்பதே வழி. அல்லது பலகையில் உள்ள சிஆர்2032 நாணயப் பேட்டரி தீர்ந்து, பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குப் போயிருக்கலாம். தேதி பல ஆண்டு பின்னால் போயிருந்தால் இதுதான். பவர் புரொஃபைல், வர்ச்சுவலைசேஷன், ஹைப்பர் த்ரெடிங் தேர்வுகள் எல்லாம் மாறியிருக்கும். சர்வர் நன்றாக ஓடும் நாளில் பயாஸ் திரைகளை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் திரும்ப அமைப்பது எளிது.

அப்டேட் போட்டதும் வேகம் குறைந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிடலாமா?

2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரண்டு குறைகள் வெளியாயின. வேகத்துக்காகப் பிராசசர் அடுத்து வரப்போகும் வேலையை ஊகித்து முன்கூட்டியே செய்யும். அந்த ஊக வேலை விட்டுச்செல்லும் தடயத்திலிருந்து பார்க்கக் கூடாத தகவலைப் பார்த்துவிட முடியும் என்பதே அந்தக் குறை. 2019இல் எம்டிஎஸ், 2023இல் டவுன்ஃபால், ஜென்பிளீட் என்று வரிசை நீண்டது. மைக்ரோகோடும் (பிராசசருக்குள்ளேயே ஓடும் குறியீடு) கெர்னலும் சேர்ந்து அவற்றை அடைக்கின்றன. புரோகிராம் கெர்னலிடம் போய்வரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் நேரம் செலவாகும். அதனால் சின்னச்சின்னதாக நிறைய எழுதிப் படிக்கும் டேட்டாபேஸ் அதிகம் பாதிக்கப்படும். வெறும் கணக்கீடு செய்யும் வேலை அவ்வளவு பாதிக்கப்படாது.

நிறுத்தக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. நோயாளிகளின் பதிவு, ஊழியர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கும் சர்வர் அது. மெதுவானது உண்மையிலேயே அப்டேட்டால்தானா என்பதையும் அளந்து பாருங்கள். அப்டேட்டோடு நடந்த ரீபூட்டில் வேறு ஏதேனும் மாறியிருக்கலாம். ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன் தொடங்கியிருக்கலாம்.

இரவில் யாரும் இல்லை. ஆனாலும் பிராசசர் நிறைந்து ஓடுகிறது.

பேக்கப், ஆன்டிவைரஸ் ஸ்கேன், டேட்டாபேஸ் இண்டெக்ஸ் சீரமைப்பு ஆகியவை இரவில் ஓடுவது இயல்பு, அவற்றுக்குக் குறித்த நேரத்தோடு ஒத்துப்போகும். ஒத்துப்போகவில்லை, காலையில் நீங்கள் லாகின் செய்ததும் சட்டென்று குறைகிறது என்றால், கிரிப்டோ நாணயம் தோண்டும் களவு மென்பொருளைச் சந்தேகியுங்கள். மொனேரோ நாணயத்தைச் சாதாரணப் பிராசசரிலேயே தோண்டலாம் என்பதால் களவாணிகளுக்கு அதில் விருப்பம் அதிகம். எக்ஸ்எம்ரிக் என்ற, முறையாக நாணயம் தோண்டுவதற்கான மென்பொருளையே வேறு பெயரில் ஒளித்து வைத்துவிடுகிறார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் நின்றுகொள்ளும் வகைகளும் உண்டு.

எல்லைப் பகுதியில் இதற்கு வாசல் திறக்கும் காரணம் ஒன்று இருக்கிறது. மில் கேரளப் பக்கம், அலுவலகம் பொள்ளாச்சியில். இரண்டையும் இணைக்க ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை ரவுட்டரில் நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். உலகெங்கும் இருந்து பாஸ்வேர்டை ஊகித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்தப் போர்ட்டை இன்றே மூடி, விபிஎன் (இணையத்தின் மேல் அமைக்கும் பாதுகாப்பான தனிப் பாதை) வழியாக மட்டும் உள்ளே வரும்படி செய்யுங்கள். களவு மென்பொருள் இருந்தது உறுதியானால் அதை அழிப்பதோடு நிறுத்த வேண்டாம். உள்ளே வந்தவர் வேறு என்ன விட்டுப்போனார் என்று தெரியாது. பேக்கப் எடுத்து, சர்வரைப் புதிதாக நிறுவுவதே பாதுகாப்பு.

கிளவுடில் எடுத்த வர்ச்சுவல் மெஷின் சில நேரம் மட்டும் மந்தமாகிறது.

டாப் திரையில் எஸ்டி என்ற எண்ணைப் பாருங்கள். உங்கள் வேலை தயாராக இருந்தும் பிராசசர் வேறொரு வாடிக்கையாளருக்குப் போய்விட்ட நேரத்தின் சதவீதம் அது. தொடர்ந்து உயர்ந்திருந்தால் உங்கள் பக்கம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. திட்டத்தை மாற்றுங்கள் அல்லது இடத்தை மாற்றச் சொல்லுங்கள். சொந்த சர்வரிலேயே வர்ச்சுவல் மெஷின்கள் ஓடினால், எல்லாவற்றுக்கும் கொடுத்த கோர்களைக் கூட்டி, இருக்கும் கோர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரீபூட் செய்தால் சரியாகிறது. தினமும் ரீபூட் செய்துகொண்டால் போதாதா?

ரீபூட் தடயத்தை அழித்துவிடும். வேலை நடக்க வேண்டிய அவசரத்தில் செய்யத்தான் வேண்டியிருக்கும். அதற்கு முன் அந்த நான்கு குறிப்புகளை எழுதிவிடுங்கள்.

ரீபூட்டால் சரியானதால் பிராசசர் மேல் பழி போட முடியாது என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2012 ஜூன் 30 நள்ளிரவு, கிரீன்விச் நேரப்படி, உலகக் கடிகாரத்தில் ஒரு லீப் நொடி (பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போகச் சேர்க்கும் கூடுதல் நொடி) சேர்க்கப்பட்டது. நம் நேரத்தில் ஜூலை 1 ஞாயிறு காலை 5.30. அந்த நொடியில் உலகெங்கும் ஏராளமான லினக்ஸ் சர்வர்களில் பிராசசர் 100 சதவீதத்துக்குத் தாவியது. ஜாவா, மைஎஸ்கியூஎல் போன்றவை காரணமின்றிச் சுழன்றன. கெர்னலின் நேரக் கணக்கில் இருந்த பிழையால், காத்திருக்க வேண்டிய த்ரெட்டுகள் காத்திருக்காமல் உடனுக்குடன் விழித்துக்கொண்டே இருந்தன. ரீபூட் செய்தவர்களுக்கும் சரியானது. தேதியை ஒருமுறை அதே தேதிக்கு மீண்டும் அமைத்தவர்களுக்கும் சரியானது. பிராசசரில் ஒரு குறையும் இல்லை.

மறுபக்கமும் உண்டு. ஏஎம்டியின் எபிக் 7002 வரிசையில், கடைசி ரீபூட்டிலிருந்து ஏறத்தாழ 1044 நாட்கள் கழிந்தால் ஒரு கோர் ஆழ்ந்த ஓய்வு நிலையிலிருந்து எழாமல் நின்றுவிடலாம் என்று அந்த நிறுவனமே தன் பிழைப்பட்டியலில் வெளியிட்டது. அங்கே, அந்த நாளுக்கு முன் ரீபூட் செய்வதும் சிசி6 என்ற ஓய்வு நிலையை நிறுத்துவதும் அதிகாரபூர்வமான தீர்வுகள். ரீபூட் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது என்று பெருமைப்படும் சர்வர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலைதான் வருகிறது.

அப்படியானால் பிராசசரே கெட்டது என்று எப்போது சொல்லலாம்?

மெதுவாவது பெரும்பாலும் அதன் அறிகுறி அல்ல. திடீரென்று நின்றுபோவது, நீலத்திரை, தொடர்பில்லாத புரோகிராம்கள் ஒவ்வொன்றாக உடைவது, ஜிப் கோப்பு விரியும்போது பிழை வருவது ஆகியவைதான் அறிகுறிகள். விண்டோஸில் வியா லாகர் என்ற மூலத்தின் பதிவுகளைத் தேடுங்கள். 18 என்றால் மீள முடியாத வன்பொருள் பிழை. 19 என்றால் திருத்திக்கொண்ட பிழை. லினக்ஸில் மெஷின் செக் என்ற சொல்லைக் கெர்னல் பதிவில் தேடலாம். எப்போதும் ஒரே கோர் எண்ணே வருகிறதா என்று கவனியுங்கள். இரண்டு பிராசசர் உள்ள சர்வரில் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள்: பிழை பிராசசரோடு போனால் பிராசசர், அதே சாக்கெட்டிலேயே நின்றால் பலகை அல்லது சாக்கெட் முள். முள் வளைந்திருக்கிறதா என்று டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஒரு முள் மட்டும் வேறு கோணத்தில் மின்னும்.

செலவைக் குறைக்க டெஸ்க்டாப் பிராசசரில் சர்வர் கட்டிக்கொண்டவர்கள் நம் பகுதியில் அதிகம். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில், 65 வாட் முதல் மேலே உள்ளவை, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் படிப்படியாகச் சீர்கெடும் சிக்கல் 2024இல் உறுதியானது. 2024 ஆகஸ்ட் முதல் திருத்த மைக்ரோகோடுகள் வந்தன; வாரன்டியும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. பயாஸ் அப்டேட் இனி வரும் சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே கெட்டதை மீட்காது; அதை வாரன்டியில் மாற்றித்தான் ஆக வேண்டும். உங்களிடம் இருப்பது இந்த வகை என்றால் இந்த ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

எந்தப் பதிவும் இல்லாமல் தவறாகக் கணக்குப் போடும் பிராசசர்களும் அரிதாக உண்டு. 1994இல் பென்டியத்தின் வகுத்தல் பிழை உலகறிந்தது. இன்டெல் அதற்காக 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. 2021இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் இன்னொரு நிகழ்வை வெளியிட்டார்கள். கோப்புகளைச் சுருக்கி விரிக்கும்போது சில கோப்புகள் காணாமல் போயின. துருவிப் பார்த்தபோது ஒரு குறிப்பிட்ட சர்வரின் ஒரு குறிப்பிட்ட கோர், 1.1இன் 53ஆம் அடுக்கை முழு எண்ணாக்கினால் 156 வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் என்றது. கோப்பின் அளவு பூஜ்யம் என்பதால் அதை விரிக்கவே இல்லை. 52ஆம் அடுக்குக்கு அதே கோர் சரியான விடை தந்தது. இரண்டு சர்வர் வைத்திருக்கும் நமக்கு இது நேர்வது மிக அரிது. ஆனால் பேக்கப் எடுத்ததோடு விடாமல், அதை வேறொரு கணினியில் திறந்து சரிபார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓணத்துக்கு முன் புதிய சர்வர் போட்டுவிடலாமா?

ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் காய்கறி, தேங்காய், எண்ணெய் எல்லாம் மேற்கே போகும். பில் எண்ணிக்கை ஏறும். அந்த நெருக்கடியில் புதிய சர்வர் வேண்டாம். ஜூன், ஜூலையிலேயே மாற்றிச் சோதித்து முடியுங்கள்.

வாங்கும்போது ஒற்றைக் கோர் வேகத்தைக் கேளுங்கள். மெமரியை ஒரே பெரிய கார்டாகப் போட ஒப்புக்கொள்ளாதீர்கள். பிராசசருக்கு 8 மெமரி சேனல் இருந்து, 64 ஜிபியில் ஒரே கார்டு மாட்டினால் எட்டில் ஒரு பாதையில்தான் தகவல் போய்வரும். அதே கொள்ளளவை எட்டு 8 ஜிபி கார்டுகளாகப் பரப்பினால் எல்லாப் பாதையும் திறக்கும். கடைக்காரர் பின்னால் மெமரி கூட்ட இடம் வேண்டாமா என்பார். அது நியாயமான கேள்விதான், ஆனால் சேனல் அனைத்தும் நிரம்புவதே முதலில் முக்கியம்.

சர்வீஸ் பொறியாளரை அழைக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

"சர்வர் ஸ்லோ அண்ணா" என்று சொன்னால் அவர் மெமரி கூட்டச் சொல்வார். அவருக்கும் வேறு வழியில்லை. மாடல், சீரியல் எண், பயாஸ் பதிப்பு, எந்த நாளில் தொடங்கியது, அதற்கு முந்தைய வாரம் என்ன மாறியது, உங்கள் நோட்டில் உள்ள நான்கு குறிப்புகள், மேலாண்மைப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றை அனுப்புங்கள். அவர் வந்து ஒரே நேரத்தில் மெமரி, பயாஸ், டிரைவர் மூன்றையும் மாற்ற முனைந்தால், ஒவ்வொன்றாகச் செய்து இடையில் அளக்கும்படி கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

ஆன்சைட் வாரன்டி இருந்தால் பதிவில் உள்ள முகவரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பில் பொள்ளாச்சி அலுவலகப் பெயரில், சர்வர் கொழிஞ்சாம்பாறை மில்லில் என்றால் பாகமும் பொறியாளரும் வேறு மாநிலத்துக்குப் போய்விடுவார்கள். முகவரி மாற்றும் கோரிக்கையைச் சர்வர் நன்றாக ஓடும் நாளிலேயே கொடுத்துவிடலாம்.